தாரைத் தூக்க ஸ்பானர் மட்டும் போதாது

"ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கும்போது, வண்டியை உயரமாகத் தூக்கிக் கட்டப் பட்டறைக்கு எதற்குக் கூலி?" என்கிறார்கள் சிலர்.

பழைய ஜிப்சிக்கு இது ஓரளவு பொருந்தும். அதில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். அச்சுக்கு முட்டுக்கொடுத்து யூ-போல்ட்டைக் கழற்றத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடலாம்.

2020-இல் வந்த தார் ஜீப் அப்படியல்ல. அதன் முன்பக்கக் காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரைச் சுற்றி இறுக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றும்போது அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரின் கொக்கி நழுவினால், மேல் நட்டைத் திருகுபவரின் கையோ முகமோ தப்பாது. உயரம் கூடியதும் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும். வீல் அலைன்மென்ட்டுக்கு எப்படியும் பட்டறைக்குத்தான் போயாக வேண்டும். அதைச் செய்யாமல் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது எந்த வகையில் சிக்கனம்?

சட்டத்தைப் பற்றி அந்த வாதத்தில் பேச்சே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தண்டனை உரிமையாளருக்கு, ஸ்பானர் யார் கையில் இருந்தது என்பது அங்கே எடுபடாது. ஆகவே முதலில் அனுமதிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். கூலி பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.