குவைத் சோறும் கொச்சிக்காய்ச் சம்பலும்



மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். 2007இல் இடம்பெயர்ந்தபோது கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு 2012இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஆறு வருடம் அங்கே சமைத்தார். திரும்பி வந்ததும் சந்தியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டு, பலகையில் ‘மச்பூஸ்’ என்று எழுதி வைத்தார்.

மச்பூஸ் குவைத் வீடுகளில் சமைக்கும் சோறு. கோழியை அல்லது ஆட்டிறைச்சியைக் கறுவா, ஏலம், கராம்பு போட்டு அவித்து, அந்தத் தண்ணீரிலேயே பாஸ்மதி அரிசியை வேகவிடுவார்கள். எங்கள் உறைப்பு அதில் இல்லை. அதற்கு மணம் கொடுப்பது ‘லூமி’ என்ற காய்ந்த தேசிக்காய். புளிப்போடு இலேசான கைப்பும் இருக்கும். ஊர்க் கடையில் அது இல்லாததால் அக்கா தேசிக்காயை உப்புத் தண்ணீரில் அவித்து, கறுத்துக் கல்லுப்போல ஆகும்வரை வெயிலில் காயவைத்தார்.

முதல் வாரம் பாதிப் பானை மிச்சம்.

“சோத்துக்குக் கறி எங்க எண்டு கேக்குறாங்க மிஸ். ஒராள் தேசிக்காயைக் கண்டுட்டு, சோத்துக்குள்ள கரிக்கட்டை கிடக்கு எண்டு சண்டைக்கு வந்திட்டார்.”

நுண்கடன் தவணை காத்திருக்குமா? லூமியை எடுத்துவிட்டுக் கறித்தூள் போட்டார். பக்கத்தில் கோழிக்கறியும் கொச்சிக்காய்ச் சம்பலும் வைத்தார். பானை காலியாகத் தொடங்கியது.

இது ஏமாற்று வேலை என்றார் என்னோடு வந்த ஒருவர். எனக்கு அப்படிப் படவில்லை. நாங்கள் ஆசையாகச் சாப்பிடும் சைனீஸ் ரோல்ஸ் மட்டும் சீனத்துச் சமையலா? உருளைக்கிழங்கும் மீனும் வைத்துச் சுற்றி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தது எங்கள் நாக்குக்காகத்தானே.

ஆனால் அக்காவின் மனக்குறை வேறு. “அந்த வீட்டுக் கிழவி என்ட கைச் சோறுதான் வேணும் எண்டு இருப்பா. அந்தக் கைப்பக்குவம் இங்க ஒருத்தருக்கும் தெரியாமப் போயிட்டுது.” ஆறு வருடத்தில் பணத்தைத் தவிர அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் லூமி போட்ட சின்னப் பானை ஒன்றும் அடுப்பில் இருக்கிறது. யோசனை என்னுடையது அல்ல, அவருடையதே. வாங்க வருபவர்கள் பெரும்பாலும் குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்துவிட்டு வந்த பெண்கள். மூடியைத் திறந்து மணத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்த வீட்டில் எப்படிச் சமைத்தோம் என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் ஒரு பார்சல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாங்காய் ஊறுகாய்ப் போத்தலை எடுக்க எழும்பினார்.