மழை நாளில் புத்தரைப் பார்க்க...

லீவு விட்டால் பாடாலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வண்டி கட்டும். பெரம்பலூர், ஆத்தூர் பக்கம் திரும்பினால் தியாகனூரில் புத்தர் இருக்கிறார், தெரியுமா? மழை பிடித்தால் தியான மண்டபத்திலேயே உட்கார்ந்துவிடலாம். கூட்டம் இருக்காது (வெயிலில் மட்டும் இருக்கிறதா என்ன!).

அங்கிருந்து சேலம் போனால் பெரியேரி. அங்கே தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்ட சிலை புத்தர்தான் என்று 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. பூஜை கூடாது என்றும் சொன்னது. வரலாறு சரிதான். ஆனால் பௌத்தம் மறந்துபோன ஊரில் அந்தச் சிலையைக் கேட்பாரற்றுக் கிடக்காமல் காத்தது யார்? முனியப்பா என்று கும்பிட்ட பாட்டிகள்தானே! "புத்தர்" என்று தாராளமாகப் பலகை வையுங்கள். பாட்டி ஏற்றும் விளக்கை ஏன் அணைக்க வேண்டும்?