ஓய்வு நேரப் படைப்பு எவருக்குரியது?

ஜப்பானில் சீட்டுக்கட்டு செய்துவந்த நின்டெண்டோ கம்பெனியில் இயந்திரங்களைப் பராமரித்து வந்த குன்பே யோகோய், தம் பொழுதுபோக்கிற்காக, எட்டாத பொருளை நீண்டு சென்று பற்றும் செயற்கைக் கை ஒன்றைச் செய்தார். அதைக் கண்ட தலைவர் யாமவுச்சி கடிந்துகொள்ளவில்லை. விற்பனைக்குரிய விளையாட்டுப் பொருளாக்கப் பணித்தார். 1966-இல் வெளிவந்த அது 10 லட்சத்திற்கு மேல் விற்றது. சீட்டுக்கட்டுக் கம்பெனி விளையாட்டுக் கருவிகளின் பக்கம் திரும்பியதில் அந்தக் கைக்கும் பங்குண்டு.

இன்றோ கணினி விளையாட்டுக் கம்பெனிகள் சில, ஊழியர் இரவில் தம் வீட்டில் இயற்றுவதையும் தமதென ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 17-ஆம் பிரிவு, பணியின் பகுதியாக இயற்றியதற்கே முதலாளிக்கு உரிமை தருகிறது. ஒப்பந்தத்தால் அதனை விரிப்பது முறையன்று. கம்பெனியின் கருவியையும் இரகசியத்தையும் தொடாத படைப்பு ஊழியருடையதே. போட்டியாகுமோ என்று அஞ்சினால், முன்கூட்டித் தெரிவிக்குமாறு விதிக்கலாம், அதுவே போதும்.