அழைப்பின் பேரில் போன படைக்கும் சட்டம் உண்டு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டபோது, பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை கடல் கடந்து வருவதற்குள் அழைத்தவனே கொல்லப்பட்டுவிட்டான். ஆனாலும் தளபதி இலங்காபுரன் திரும்பிப் போகவில்லை. ஊர் ஊராக முன்னேறிய அவனுடைய படை பொன்னமராவதிக்கும் வந்து, அங்கிருந்த அரண்மனைக்கும் வீடுகளுக்கும் தீ வைத்ததைச் சூளவம்சம் வெற்றிச் செய்தியாகவே பதிவு செய்கிறது. அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்க அன்று எந்த அரசனும் கடமைப்பட்டிருக்கவில்லை. எட்டு நூற்றாண்டுகள் கழித்து அதே கடலை எதிர்த்திசையில் கடந்த இந்திய அமைதி காக்கும் படையின் காலத்தில் நிலைமை வேறு. 1949-ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளையும் இந்தியா ஏற்றுக்கொண்டிருந்தது. விசாரிக்கும் கடமை அதற்கு இருந்தது. அந்தக் கடமையை அது செய்யவில்லை. செய்யாமல் விட இடம் கொடுத்த சட்ட ஓட்டை இன்றைக்கும் அடைபடவில்லை.

1987 ஜூலை 29-இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டரை மாதத்திற்குள், அக்டோபர் 10-ஆம் தேதி, அதன்படி அமைதி காக்கப்போன படை விடுதலைப் புலிகளுக்கு எதிராக ‘ஆபரேஷன் பவன்’ என்ற போரைத் தொடங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியத் துருப்புகள் நுழைந்தன. எக்ஸ்ரே பிரிவில் ஒண்டியிருந்த ஊழியர்கள்மீதும் நோயாளிகள்மீதும் சுட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் இரவு முழுவதும் பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்தார்கள். மறுநாள் காலை குழந்தைகள்நல மருத்துவர் ஒருவர், தாதியர் சிலருடன் கைகளை உயர்த்தியபடி, நாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அந்த நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் புலிகளே காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. எந்தத் தரப்புக்கும் சாயாமல் எழுதியவர்கள் என்பதால்தான் அவர்களுடைய சாட்சியத்துக்கு இவ்வளவு எடை.

மருத்துவமனையிலிருந்து புலிகள் சுட்டார்கள், பதிலுக்குச் சுட்டோம் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். இதை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. புலிகள் சிலர் மருத்துவமனைக்குள் வந்ததையும், வெளியே போகும்படி மருத்துவர்கள் அவர்களிடம் மன்றாடியதையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. நோயாளிகளைக் கேடயமாக்கியது பெரும் குற்றம்தான். ஆனால் போர்ச் சட்டம் இப்படிப்பட்ட நேரத்துக்காகவே எழுதப்பட்டது. எதிரி மருத்துவமனையைத் தவறாகப் பயன்படுத்தினாலும், உரிய எச்சரிக்கை கொடுத்து, வெளியேற அவகாசம் தந்த பிறகே அதன் பாதுகாப்பு நீங்கும் என்கிறது நான்காவது உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு. நாடுகளுக்கிடையேயான போருக்கு எழுதப்பட்ட விதி அது என்று வாதிடுபவர்கள் மூன்றாம் பிரிவைப் பார்க்கட்டும். நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான அந்தப் பிரிவு, ஒரு அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் சண்டைக்கென்றே எழுதப்பட்டது. ஆயுதத்தைக் கீழே போட்டவரையும் போரில் பங்கெடுக்காதவரையும் கொல்லக் கூடாது, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் நாள் துப்பாக்கிச் சூடு இரு தரப்புச் சண்டைக்கு நடுவே நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை கை உயர்த்தி வந்தவர்மீது சுட்டதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில், புலிகளின் தாக்குதலில் இந்திய வீரர்கள் இறந்ததைத் தொடர்ந்து வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதற்கும் பொருந்தாது.

இனி ஓட்டைக்கு வருவோம். ஜெனீவா உடன்படிக்கைகளை உள்நாட்டுச் சட்டமாக்க நாடாளுமன்றம் 1960-இல் ஒரு சட்டம் இயற்றியது. இந்தியாவுக்கு வெளியே நடந்த குற்றத்துக்கும் அது செல்லும். வேண்டுமென்றே கொலை செய்தால் மரண தண்டனைவரை போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தண்டிப்பது ‘கடும் மீறல்’களை மட்டும், அதாவது நாடுகளுக்கிடையேயான போரில் நடப்பவற்றை. இலங்கை அரசின் சம்மதத்தோடு போய் ஒரு ஆயுதக் குழுவோடு நடத்திய சண்டை அந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. உடன்படிக்கைகளின் மூன்றாம் பிரிவை மீறினால் என்ன தண்டனை என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அதோடு, சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி அரசாங்கமோ அது குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். கோவாவின் மான்டேரோ வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் தனிமனிதருக்கு நேரடிப் பரிகாரம் எதையும் தரவில்லை என்று கூறிவிட்டது. படையை அனுப்பியதும் அரசு, அந்தப் படைமீது புகார் கொடுக்க வேண்டியதும் அதே அரசு. யாழ்ப்பாணத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண் எந்த வாசலைத் தட்டுவார்?

1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். வெளிநாட்டில் பொதுமகனைக் கொன்ற வீரரை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம், உண்மைதான். ஆனால் விசாரிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தப் படையின் அதிகாரிகளே. இதையெல்லாம் கிளறுவது வீரர்களை அவமதிப்பதாகும் என்பதே இன்னும் வலுவான ஆட்சேபம். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்தத் தீவில் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் எஞ்சியவர்கள் சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தெளிவில்லாத நோக்கத்துக்காக அனுப்பப்பட்டு, திரும்பி வந்தபின் மறக்கப்பட்டவர்களின் மனக்காயம் உண்மையானது. அதனால்தான் விசாரணை வேண்டும் என்கிறேன். யார் சுட்டார் என்று தெரியாதவரை அங்கே போன ஒவ்வொரு வீரர்மீதும் அந்தக் கறை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியா 2020-இல் வெளியிட்ட பிரெரட்டன் அறிக்கை, ஆப்கானிஸ்தானில் தன் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்றது. அவற்றில் தொடர்புடையவர்களாக 25 பேரைச் சுட்டிக்காட்டியது. அதனால் ஆஸ்திரேலிய ராணுவம் குலைந்துவிடவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாகிவிட்டது, இனி எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியா இன்றும் ஐ.நா. அமைதிப்படைகளுக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் ஒன்று. அமைதிப்படை என்ற பெயர் இருந்தாலும், சண்டையில் இறங்கினால் போர்ச் சட்டம் கட்டுப்படுத்தும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் 1999 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார். இங்கே சட்டம் 1960-இலேயே நிற்கிறது. இலங்கைப் போர்க் காலத்தில் கடல் தாண்டி வந்தவர்களின் குடும்பங்கள் பொன்னமராவதிக்கு அடுத்த திருமயம் வட்டத்தின் லேணாவிளக்கு முகாம் உட்படத் தமிழ்நாடெங்கும் வாழ்கின்றன. பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் அவர்களுடைய வாக்குமூலத்தையும் அன்றைய படைவீரர்களின் வாக்குமூலத்தையும் பதிவு செய்ய முடியும். சட்டத் திருத்தமும் பெரிய வேலையல்ல. உடன்படிக்கைகளின் மூன்றாம் பிரிவை மீறுவதைக் குற்றமாக்க ஒரு புதுப் பிரிவு, பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்க வழிசெய்யும்படி 17-ஆவது பிரிவில் ஒரு மாற்றம், இவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போகும் 39 பேரில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம்.