செல்போனில் கடை, கடன் யார் தலையில்?

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து வியாபாரம் தொடங்குகிறார்கள். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுக்கிறார்கள். செல்போனில் படம் போட்டு விற்கிறார்கள். கடை இல்லை, வாடகை இல்லை, போர்டும் இல்லை. லாபத்தில் ஆளுக்குப் பாதி. "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று சிரித்துக் கொள்கிறார்கள்.

இன்று எத்தனையோ வீடுகளில் இப்படி நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால், அந்தச் சிரிப்புதான் ஆபத்து!

எழுதாவிட்டாலும், இரண்டு பேர் சேர்ந்து நடத்தி லாபத்தைப் பங்கு போட்டால், அது கூட்டு வியாபாரம் ஆகி விடும். 1932-ம் ஆண்டுக் கூட்டு வியாபாரச் சட்டம் அப்படித்தான் பார்க்கும்.

தீபாவளிக்கு அண்ணி 3 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கடனில் எடுக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். நாத்தனாருக்குத் தெரியாது. சேலை விற்கவில்லை. மொத்த வியாபாரி யாரைப் பிடிப்பார்? அண்ணியையும் பிடிக்கலாம், நாத்தனாரையும் பிடிக்கலாம். "எனக்குப் பாதிப் பங்குதான். ஒன்றரை லட்சம்தான் தருவேன்" என்று நாத்தனார் சொல்ல முடியாது. 3 லட்சத்துக்கும் அவள் பொறுப்பு. அவள் பெயரில் உள்ள மனைக்கும் ஜப்தி வரலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், கடன் கொடுத்தவர் அவர்கள் மேல் வழக்குப் போடலாம். ஆனால், சேலை வாங்கியவர் பணம் தராமல் ஏமாற்றினால், கூட்டின் பேரில் அவர்கள் வழக்குப் போட முடியாது! எழுதி, பதிவுத் துறையில் பதிந்தால் இந்தத் தடை நீங்கும். கடன் பொறுப்பு நீங்காது.

என்ன வழி?

வீட்டில் தனியாகக் குழந்தைச் சட்டை தைத்து விற்கும் பெண்ணுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். தனி ஆள் வியாபாரமே போதும். கடன் வாங்காத வரை பயம் இல்லை.

இரண்டாவது ஆள் சேர்ந்த அன்றே எழுதி விட வேண்டும். கடனில் சரக்கு எடுப்பதாக இருந்தால், 'எல்.எல்.பி.' என்ற கூட்டே நல்லது. 2008-ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது இது. கூட்டின் கடனுக்குப் பங்குதாரரின் பொறுப்பு, அவர் போட ஒப்புக் கொண்ட முதலோடு முடிந்து விடும். கடன் வீட்டு வாசற்படி ஏறாது. மோசடி செய்தவருக்கு இந்தக் காப்பு கிடையாது.

ஆண்டுதோறும் மே 30-க்குள் ஒன்று, அக்டோபர் 30-க்குள் ஒன்று என இரண்டு படிவங்கள் அனுப்ப வேண்டும். வருமான வரிக் கணக்கு தனி. விற்பனை 40 லட்சத்தையும், முதல் 25 லட்சத்தையும் தாண்டாத வரை, இந்தச் சட்டப்படி ஆடிட்டர் தணிக்கை கட்டாயம் இல்லை.

"பிரைவேட் லிமிடெட் என்று போட்டால்தான் மதிப்பு" என்பார்கள் சிலர். மதிப்பு சரி, செலவை யார் கொடுப்பது? ஒரு சேலை விற்காவிட்டாலும் அதற்கு ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. வெளியார் முதல் போட வரும்போது அதை யோசிக்கலாம்.

எல்.எல்.பி.யிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாங்கியில் கடன் கேட்டால், "சொந்த ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டலாம். போட்டு விட்டால், வாசலில் நின்ற கடன் வீட்டுக்குள் வந்து விடும். அந்தத் தாளை அண்ணியும் நாத்தனாரும் வீட்டுக்கு எடுத்து வந்து, எல்லோரும் கேட்க ஒரு தடவை உரக்கப் படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.