இனிமை மட்டுமோ பெண் குரல்?

பெண் குரல் தேனினும் இனிது எனப் புகழ்வார் பலர். அப்புகழுரையில் நாம் மயங்குவதற்கில்லை. இனிமையைப் போற்றிவிட்டு, படைத்தவள் என்னும் உரிமையையும் அவையில் இடத்தையும் மறுப்பது புகழ்ச்சியாகுமோ?

மேலை நாட்டு முற்போக்கு ராக் இசையில் பெயர்பெற்றது பிங்க் ஃபிளாய்ட் குழு. 1973இல் வெளிவந்த அக்குழுவின் இசைத்தட்டில், கிளேர் டோரி என்னும் பாடகி சொல்லே இல்லாத ஆலாபனை ஒன்றைத் தம் கற்பனையால் பாடினார். பெற்ற கூலி 30 பவுண்டு. அப்பாட்டின் ஆக்கத்தில் அவருக்கும் பங்குண்டு என்பது, அவர் வழக்குத் தொடுத்த பின்னர், 2005இல் எழுந்த உடன்பாட்டினால்தான் நிலைபெற்றது.

அயலாரைப் பழித்து நாம் அமைதல் வேண்டா. இத்திருவனந்தபுரத்தில், சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவியாய்ப் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியையுமானவர் பாறசாலை பொன்னம்மாள். ஆடவரே பாடிவந்த நவராத்திரி மண்டபத்தில் அவர் பாடியது 2006இல். அப்போது அவர்தம் அகவை 81. கல்வியில் குறையா? ஞானத்தில் குறையா? இரண்டுமில்லை, வழக்கம் என்னும் ஒற்றைச் சொல்லே தடையாய் நின்றது.

பிழைப்பை நாடி இம்மண்ணில் குடியேறிய நம்மவரிடையேயும், பெண் பார்க்கும் நாளில் பாட ஒரு கீர்த்தனை போதும் என்பார் உளர். அதுவும் அடைத்த கதவே. நம் மகளிர் பல்லவி பாடட்டும், புதியன புனையட்டும், புனைந்ததன்கீழ் அவர்தம் பெயரே நிற்கட்டும்!