அளவுகோலும் அழுகுரலும்

பொன்னின் மாற்றறிய உரைகல் உண்டு. காய்ச்சல் அறிய வெப்பமானி உண்டு. மனைக்குள் மனைவி படும் துன்பத்தை அறியவும் மருத்துவ உலகம் வினாத்தாள்களை வகுத்துள்ளது. அவற்றின் தரம் எத்தகையது என்பதையே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

1998இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட 'ஹிட்ஸ்' என்னும் தாளில் நான்கே வினாக்கள். கணவர் அடிக்கிறாரா, இழிவாகப் பேசுகிறாரா, தீங்கு செய்வதாக மிரட்டுகிறாரா, கத்தி ஏசுகிறாரா என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் வன்முறை உண்டெனக் கொள்வர். சுருக்கமே இதன் சிறப்பு. எனினும், ஓயாது அடித்து, ஆனால் ஏசாமலும் மிரட்டாமலும் இருப்பவனின் மனைவி பெறுவது 5+1+1+1, அதாவது 8 மட்டுமே! தாளின் கணக்கில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை.

கூலியைப் பறிப்பது பற்றியும் இத்தாள் வினவுவதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் கைகளுள் பெண்களின் கைகள் மிகப்பல. ஈட்டிய கூலி யார் கைக்குப் போகிறது என்பதே அவர்களிடம் கேட்கத்தக்க முதல் வினா. தீக்காயம் தொழிலோடு ஒட்டிய இம்மண்ணில், 'வேலையிடத்தில் பட்டது' என்ற ஒரு சொல்லுக்குள் வீட்டுத் தீயும் மறைந்துகொள்ளக் கூடும்.

சொல்லும் அளவுகோலின் ஓர் உறுப்பே. 'குடும்ப வன்முறைக்கு உள்ளானீர்களா?' என வினவினால், 'அப்படியெல்லாம் இல்லை' என்பாள். 'அறைந்தாரா? தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா?' என வினவினால், 'அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே' என்பாள். முன்னது நூல்மொழி, பின்னது வீட்டுமொழி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு செயல் செயலாக, வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், தனிமையில் வினவுகிறது. 2019-21இல் தமிழகத்தில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். பாதுகாப்பான தனிமையே அவ்வாய்களைத் திறந்தது.

வருவோர் அனைவரிடமும் வினாத்தாளை நீட்ட வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. ஐயத்துக்கு இடமிருப்பின் பயிற்சி பெற்றவர் தனிமையில் வினவ வேண்டும். அடுத்து எங்கே அனுப்புவது என்பதும் முன்பே வகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. கேட்டுவிட்டுக் கைவிடுவது கேளாமையினும் கொடிது.

மாணவச் செல்வங்களே! நாட்டு நலப்பணித் திட்டக் கணக்கெடுப்புக்குச் செல்கையில், மாமியார் அருகிருக்க இவ்வினாவை எழுப்பாதீர். 181 என்னும் உதவி எண்ணை அறியாமல் எழுப்பவே எழுப்பாதீர். ஜமாஅத் பெரியோர்களே! கணவன் மனைவி வழக்கு தங்கள் முன் வருகையில், சமாதானம் பேசுமுன் அப்பெண்ணைத் தனியே, ஒரு பெண்ணைக் கொண்டு விசாரியுங்கள். சபையில் அவள் காக்கும் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்.

தம்பதியரிடையே அன்பையும் கருணையையும் வைத்ததாக இறைவன் திருமறையில் அருளியுள்ளான். அவ்வன்பு வீட்டில் உண்டா என்று கேட்டறிவதும் நம் கடமையே.